பாத்துக்கலாங்க!

போன வாரம் திருச்செங்கோடு போயிருந்தேன். என் மனைவியின் அண்ணன் குமரேசன் வீட்டு வாசலில், புதுப் பெயின்ட் அடித்த ரிக் வண்டி நின்றது. போர்வெல் போடுகிற வண்டிக்கு மாலை வேறு. மாலை காய்ந்து சருகாகியிருந்தது.

"ஏனுங்க மச்சான், வண்டி இன்னுமா கப்பல் ஏறலை?"

"அதை ஏன் கேக்கறீங்க மாப்ள... அங்க வேற வண்டி எறங்கிருச்சாமா."



விஷயம் இதுதான். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு குடிநீர்த் திட்டம். பணம் நம் நாட்டுக் கடனுதவி. ரிக் தேடி அங்கிருந்து தவராசா என்ற கான்ட்ராக்டர் வந்தார். மச்சான் அவருக்கு வைத்த விருந்தில் நானும் இருந்தேன். இரண்டு பக்கமும் தமிழ்... மொழிபெயர்க்க ஆளே வேண்டாம் என்று பூரித்துப் போனேன்!

கை கழுவும்போது தவராசா கேட்டார். "அப்ப, தை மாசம் உங்கட வண்டியை அனுப்புவியளோ?"

"பாத்துக்கலாங்க" என்றார் மச்சான்.

எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒரு வாக்குறுதி உண்டா? 'கவலையை விடுங்க, வேலை முடிஞ்ச மாதிரிதான்' என்று அர்த்தம்.

"சரி, பாப்பம்" என்று சிரித்தபடி அவர் கிளம்பினார். மச்சான் மறுநாளே பெயின்ட் வாங்கினார். சத்தீஸ்கரில் கூப்பிட்ட சீசன் வேலையையும் வேண்டாம் என்றார். இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. டிரைவர்கூட வேறு வண்டிக்குப் போய்விட்டார்.

மனசு கேட்காமல் வாசலில் நின்றே தவராசாவுக்கு போன் போட்டேன்.

"ஐயோ, அவர் பிறகு பாப்பம் எண்டெல்லோ சொன்னவர்! விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன். நானும் மரியாதைக்குப் பாப்பம் எண்டிட்டு வந்திட்டன்."

தவராசா 'பாப்பம்' என்று நாசூக்காகச் சொன்ன 'இல்லை', மச்சான் காதில் 'மறுபடி சந்திப்போம்' என்று விழுந்திருக்கிறது. அட கடவுளே!

சரி, வேலை யாருக்குப் போனது? கிழக்கே ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனிக்காம். தமிழில் ஒரு எழுத்து தெரியாது. மொழிபெயர்ப்பாளரோடு வந்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் 'அப்படின்னா என்ன?' என்று கேட்டார்களாம். நாம் கேட்கவே இல்லையே... ஒரே மொழி என்ற தைரியம்! கடனுதவி, கப்பல், ஒப்பந்தம் எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டது. ஒரு வார்த்தைதான் போய்ச் சேரவில்லை.

"அடுத்த திட்டத்துக்கு நாமளே போன் பண்ணிக் கேக்கலாமா மச்சான்?" என்றேன்.

காய்ந்த மாலையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பாத்துக்கலாங்க மாப்ள."

தவராசா காதில் அன்றைக்கு அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.