நேற்றைய தாமதம்

“வண்டி ஐம்பத்தைந்து நிமிடம் தாமதமாக வரும்.” ரயில் நேரம் சொல்லும் அந்தத் தானியங்கிக் குரலை, ஏற்காடு கடைவீதி எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஒரே பெருமிதம். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. எவ்வளவு திருத்தமான தமிழ், எவ்வளவு நிதானம். இப்படிப் பேசுவது தப்பாகச் சொல்லாது என்று நம்பிவிட்டேன். எனக்கு ஈரோட்டில் வேலை. திங்கள் காலை பஸ்ஸில் சேலம் இறங்கி ரயில் பிடிப்பேன். சனிக்கிழமை மாலைதான் வீடு.

பூத் நடத்திய அக்கா அந்தக் குரலைக் கால் காசுக்கு மதிக்கவில்லை. தினமும் கடை திறந்ததும் அதைக் கூப்பிட்டு, அது சொல்லும் நிமிடங்களைக் காலண்டர் தாளில் குறித்துவைப்பார். நேற்றைய எண்ணே இன்றும் வந்தால், புதிய தகவலை யாரும் ஏற்றவில்லை என்று பொருள். வண்டி நேரத்துக்கே வந்துவிடும். பஸ் கண்டக்டர்களை விசாரித்து விசாரித்து அவராகவே கண்டுபிடித்த கணக்கு இது. “இது இன்னும் மூஞ்சி கழுவல கண்ணு, நேத்து சொன்னதயே சொல்லுது” என்று என்னை முதல் பஸ்ஸுக்குத் துரத்துவார்.

அலுவலகத்துக்கு நான் இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தேன். இன்னொரு முறை நடந்தால் நாகர்கோவிலுக்கு மாற்றல்தான் என்று அதிகாரி எச்சரித்திருந்தார். அங்கே போனால் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வர முடியும். மகளுக்கு அப்போது நாலு வயது.

ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். என் சேலையை விடவே மாட்டேன் என்றாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டே பூத்துக்கு வந்து கேட்டேன். ஐம்பத்தைந்து நிமிடத் தாமதம்.

“நேத்தும் அதே அம்பத்தஞ்சுதான். பஸ்ஸு நிக்குது, ஏறு கண்ணு. புள்ளய நான் ஊட்டுல அவ பாட்டிகிட்ட உட்டுட்டு வர்றேன்” என்றார் அக்கா.

“ரெண்டு நாளும் ஒரே மாதிரி லேட்டாகக் கூடாதுன்னு சட்டமாங்க அக்கா?”

“சட்டமெல்லாம் இல்ல. ஆனா ஏறு.”

நான் ஏறவில்லை. படித்தவள் என்ற திமிர் கொஞ்சம். மகளோடு இன்னும் முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்ற ஆசைதான் மிச்சமெல்லாம். அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது ரயில் புறப்பட்டுப் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதிகாரியிடம் தானியங்கிக் குரலைக் குற்றம் சொன்னேன். “அதுக்கு ஆர்டர் போட என்னால முடியாதும்மா” என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே எனக்கு ஆர்டர் வந்தது.

விடைபெறப் போனபோது அக்கா ‘அப்பவே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு இங்க கூப்புடு. புள்ளயக் கூட்டியாந்து வெச்சிருக்கறேன்” என்றார்.

இன்று ரயில் தாமதமானால் கைபேசிக்குத் தகவல் வருகிறது. அதை ஒரு கண்ணால்தான் பார்க்கிறேன். யாரை முழுதாக நம்பலாம் என்பது நாகர்கோவிலில் இருந்த ஒன்றரை வருடத்தில் எனக்குத் தெளிவாகிவிட்டது. மலையில் மழையோ பனியோ, எந்த ஞாயிறு கூப்பிட்டாலும் போனின் முதல் மணியிலேயே மகள் எடுத்துவிடுவாள்.

ஒருமுறை நாகர்கோவில் பூத்தில் கல்யாணக் கூட்டம். என் முறை வர ஐந்தரை தாண்டிவிட்டது. குழந்தை அழுது வீட்டுக்குப் போயிருப்பாள் என்று பதறிக்கொண்டே எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அம்மா லேட்டாயிட்டேன் சாமி. அழுதியா?”

“இல்லியே. அம்மா வரிசைல நிக்கறாங்க, அரை மணி நேரத்துல கூப்புடுவாங்கன்னு பூத்துப் பெரியம்மா சொன்னாங்களே.”