தேர் தாண்டிய கோடு

ஒரு மனிதர் எங்கெங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை எனக்கு ஒருநாள் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் அந்த உரிமை என் கணவரிடம்தான் இருந்தது. கடைக்குப் போகலாம், தங்கச்சி வீட்டுக்குப் போகக் கூடாது. கோவிலுக்குப் போகலாம், அங்கே யாருடனும் நின்று கதைக்கக் கூடாது. சொல் கேளாத நாட்களில் என்ன நடந்தது என்பதை நீதிமன்றத்தில் ஒருமுறை சொல்லிவிட்டேன். இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்காகத்தான் அவர் சிறைக்குப் போனார்.

தீர்ப்பு வந்த பிறகு, எனக்கென்று ஓர் அலுவலரை நியமித்தார்கள். உள்ளே இருப்பவரைப் பற்றி, அடிவாங்கியவளுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வதுதான் அந்தப் பெண்ணின் வேலையாம். இப்படியும் ஒரு வேலை இருக்கிறதா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கணவர் வெளியே வரும் காலம் நெருங்கியபோது, அந்தப் பெண் வால்தம்ஸ்டோவில் உள்ள என் வீட்டுக்கு மடிக்கணினியுடன் வந்தார். திரையில் லண்டன் வரைபடம். விடுதலையாகி வருகிறவர் நுழையக் கூடாத பகுதியை அதில் கோடு போட்டுக் கேட்கலாம் என்றார். கேட்பது மட்டும்தான் நான். முடிவு எடுப்பவர்கள் வேறு.

"தேம்ஸுக்கு வடக்கே முழுவதும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கணவரும் எங்காவது வாழத்தான் வேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். சரி என்று யோசிக்கத் தொடங்கினேன். வீடு. நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை. பார்க்கிங் என்ற ஊரில் தங்கச்சி வீடு. மீன் வாங்கும் கடை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் வாழ்க்கை திரையில் சின்னச் சின்ன வட்டங்களாக விழுந்தது. இவ்வளவுதானா நான் போகிற இடம் என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

"வெளியே வந்து அவர் எங்கே இருப்பார்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது. மீன்கடை அண்ணை அதை எனக்குப் போன கிழமையே சொல்லியிருந்தார். "ஆத்துக்குத் தெற்கை, நோர்பரியிலை தமையன் வீட்டிலைதான் இருக்கப்போறார், தங்கச்சி. மேல் அறைக்குப் பெயின்ற்றும் அடிச்சிட்டினம்." அரசாங்கம் கட்டிக்காத்த ரகசியம் பாரை மீனோடு சேர்த்து என் பையில் விழுந்திருந்தது.

கடைசியாகக் கோவில் என்றேன். அவரும் கும்பிடுகிறவரா என்று அலுவலர் கேட்டார். எனக்கு அடித்த கையாலேயே திருநீறும் பூசுகிறவர் என்றேன். அப்படியானால் கும்பிட அவருக்கும் ஓர் இடம் விட வேண்டும் என்றார். வழிபாடு அவருடைய உரிமை. எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. என் உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்தவருக்கு இப்போது உரிமை ஒன்று குறைகிறதாம். ஆனால் கோபம் ஆறிய பிறகு அதுவே வேடிக்கையாகவும் இருந்தது. எங்கள் ஆட்கள் காணி பிரித்துப் பார்த்திருக்கிறேன், நகை பிரித்துப் பார்த்திருக்கிறேன். கடவுளைப் பிரித்தது அன்றுதான். ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற கோவில்கள் எல்லாம் அவருக்கு என்று விட்டுக்கொடுத்தேன். அங்கேயுள்ள பிள்ளையார்களிடம் மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

அலுவலர் எங்கள் கோவிலைச் சுற்றிக் கோடு போட்டார். "கட்டடமும் பக்கத்துத் தெருக்களும். அவ்வளவுதானே?"

தலையாட்டிவிட்டேன். அவர் கணினியை மூடப் போகும்போதுதான் நினைவு வந்தது.

"கொஞ்சம் பொறுங்கள். சாமி வெளியே போகும்."

"யார்?"

"சாமி. வருடத்தில் ஒருநாள், தேரில்."

நான் போகிற இடங்களை எல்லாம் யோசித்தவள், சாமி போகிற இடத்தை யோசிக்கவில்லை. தேர் கோவில் வாசலால் வெளிக்கிட்டு, கடைத்தெருவைப் பிடித்து, பெரிய றோட்டால் திரும்பி வரும். பாதி வழியில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். தேரின் உயரம் என்ன, யார் இழுப்பது, பஸ்களை யார் மறிப்பது என்று அலுவலர் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடமைக்குக் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். கல்யாணம் முடித்த காலம் முழுவதும் தேரன்று நான் அர்ச்சனைத் தட்டோடு வாசலில் மட்டும்தான் நின்றேன். முதன்முதலாக வடம் பிடித்தது அவர் உள்ளே போன வருடம். கயிறு உரசி உள்ளங்கை காந்தியபோது எனக்கு அழுகை அழுகையாக வந்தது, அவ்வளவு சந்தோஷம். அதை இழக்க எனக்கு மனமில்லை.

"தேர் போகும் பாதை முழுவதையும் கேட்டுப் பார்க்கிறேன்" என்றார். "உறுதி சொல்ல முடியாது."

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் கோவில் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர் என்னை மறித்தார். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"பிள்ளை, அவர்தான் தண்டனையை அனுபவிச்சிட்டாரே. கோவில் எல்லாருக்கும் பொதுதானே?"

"ஓம் அண்ணை, பொதுதான். அதாலைதான் நானும் வாறன்" என்றேன்.

பிறகு ஒருநாள் அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். தேரன்று பாதை முழுவதும் அவருக்குத் தடை. அந்தப் பெண்ணின் குரலிலும் சந்தோஷம் தெரிந்தது.

தேருக்குச் சில வாரங்கள் முன்னதாகக் கணவர் வெளியே வந்தார். தேரன்று காலையில் சீலையை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன். கட்டிவிட்டுப் போனேன். முன்னால் பொலிஸ்காரர்கள் பஸ்களை மறிக்க, பெண்கள் பக்கத்து வடத்தைப் பிடித்தேன். கடைத்தெரு போனது. அலுவலர் முதலில் போட்ட கோடு முடிகிற சந்தி வந்ததும், என்னை அறியாமலே கூட்டத்தில் கணவர் முகத்தைத் தேடினேன். இல்லை. தேங்காய் உடைப்பவர்களும், மோர் கொடுப்பவர்களும், கைப்பேசி தூக்கிப் பிடித்த வெள்ளைக்காரர்களும்தான் நின்றார்கள்.

அப்போது பக்கத்தில் ஒருவர் வந்து வடத்தைப் பிடித்தார். என் கணவரின் தங்கச்சி. வழக்குக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாத மச்சாள்.

"பயப்பிடாதேங்கோ மச்சாள்" என்றாள் மெதுவாக. "அண்ணை வரேல்லை. வரவும் ஏலாது. வீட்டிலை இருந்து தேரை லைவ்விலை பாக்கிறார்."

சொல்லிவிட்டு நாடியை உயர்த்தி முன்னே காட்டினாள். தேருக்கு முன்னால் தொண்டர் ஒருவர் பின்பக்கமாக நடந்தபடி, நீளத் தடியில் பூட்டிய கமராவை எங்கள் பக்கம் பிடித்திருந்தார். ஆறுதலுக்குச் சொன்னாளா, குத்துவதற்குச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்று ஆசைதான்.

எனக்கு முன்னால் நின்ற பெரிய உடம்புக்காரியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எந்த வரைபடத்தில் கோடு போட்டு நோர்பரி மேல் அறைக்குள் ஓடுகிற படத்தை மறிப்பது? பழைய பழக்கத்தில் தலையைக் குனிந்தபடி கொஞ்ச தூரம் நடந்தேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. அவருக்கு அங்கே என்ன தெரியும்? நடு றோட்டில் வெறுங்காலோடு நான். எனக்காக நிற்கிற பஸ்கள். நான் நடக்கிற, அவர் கால் வைக்க முடியாத தார். பார்க்கலாம். பார்க்க மட்டும்தான் முடியும்.

பின்னால் அரோகரா எழும்பியது. வடத்தை விடாமல் அந்தப் பெண்ணின் முதுகை விட்டு வெளியே வந்தேன். தலையை நிமிர்த்தி, கமராவை நேராகப் பார்த்து, முழுப் பலத்தோடு இழுத்தேன்.