முரசுமோட்டையில் பார்த்த வான்

ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, அதற்குள்ளேயே சமைத்துத் தூங்கி ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது எனக்கும் மனைவிக்கும் நெடுநாள் ஆசை. அப்படி ஒரு வான் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, வவுனியாவிலிருந்து முரசுமோட்டைக்குப் போனோம். விற்பவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அக்கா ஒருவர்.

பின்கதவைத் திறந்து அளந்து பார்த்தேன். இடம் தாராளமாக இருந்தது. ஆனாலும் விலையைக் குறைக்க நினைத்து, "இதுக்குள்ள ரெண்டு பேர் படுக்க ஏலாது போல கிடக்கு அக்கா" என்றேன்.

"ஏலும் தம்பி. சண்டை நேரம் வீடு வாசலை விட்டு இடம்பெயர்ந்து திரியேக்க நாங்கள் ஏழு பேர் மூண்டு மாதம் இதுக்குள்ளதான் படுத்தனாங்கள்."

அவர் குரலில் கோபம் இல்லை. உள்ளே ஏறி ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இதில தலை வையாதேங்கோ. மழைக்கு ஒழுகும்."

விற்பவர், குறையையும் தானே சொல்கிறார். நான் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன். அதற்கு மேல் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. கேட்ட விலைக்கே வாங்கினேன்.

இப்போது நாயாற்றுக் கடலோரத்தில் வானை நிறுத்திப் படுப்பது சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சாகசம் என்று சொல்ல வாய் வருவதில்லை. விடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று தெரிந்துதானே படுக்கிறோம்.