இருபத்தெட்டும் நாற்பத்துநான்கும்

மரபணுப் பரிசோதனைக் கூடத்தின் மூன்றாம் மாடியில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். டி.என்.ஏ.வின் நீண்ட எழுத்து வரிசையில் ஒரே மூன்றெழுத்து எங்கே கூட்டமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடி எண்ணும் மென்பொருளை எழுதியவர். அவருடைய அப்பா ஐம்பது வயதில் கைகால் உதறி, பேச்சுக் குழறி இறந்த நோய் அப்படியொரு கூட்டத்தில்தான் இருந்தது. எண்ணிக்கை நாற்பதைத் தொட்டால் நோய் வந்தே தீரும். பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு சரிபாதி. அந்த மென்பொருள் எண்ணியதில் அவருக்குப் பத்தொன்பது. தங்கைக்கு இருபத்தெட்டு என்று வந்த அன்று, அவள் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டிருந்த குழந்தையை அடுத்த ஆண்டே பெற்றாள்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது, ரத்த மாதிரிகளைக் கையாளும் அம்மாள் ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் மேசையில் போட்டார்.

"சார், இந்த ஆளால நேரா நிக்கக்கூட முடியல. உங்க மென்பொருள் இருபத்தாறுன்னு சொல்லுது."

இருவரும் எழுத்துகளைக் கையால் எண்ணினார்கள். இருபத்தாறு முடிந்ததும் ஓர் எழுத்தைக் கருவி தவறாகப் படித்திருந்தது. அதைத் தாண்டியும் கூட்டம் நீண்டது. மென்பொருளோ அங்கேயே எண்ணுவதை நிறுத்திவிட்டது.

"என் மாமியார் மாதிரியே இருக்கு சார். ஒரு வார்த்தை பிசகினா போதும், அதோட பேச்சை நிறுத்திடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. அப்படிக் கறாராக எண்ணச் சொன்னது அவர்தான். ஓர் எழுத்து பிசகினாலும் தொடர்ந்து எண்ணும்படி திருத்தி, பழைய மாதிரிகள் இருநூற்றுப் பதினான்கையும் மறுபடி ஓடவிட்டார். மூன்று மாறின. ஒன்று தங்கையுடையது: நாற்பத்துநான்கு. வேறொரு கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தார். அங்கும் அதே எண்.

சனிக்கிழமை பிற்பகல் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, கப்பல் கவுந்த மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?"

சொன்னார். சுற்றிவளைக்காமல், இரண்டு எண்களையும் சொன்னார். அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"என்னை விடு. நீ எப்படி எண்ணினாலும் வர்றது வரத்தான் போகுது. இவள உன் இருபத்தெட்ட நம்பித்தானே பெத்தேன்?"

"ஆமாம்மா."

"இவளுக்குப் பாத்துச் சொல்லு."

"சின்னப் பிள்ளைங்களுக்குப் பாக்கக்கூடாதும்மா. பெரியவளானதும் அவளா கேட்டாத்தான்."

"இதையும் நீதான் எழுதி வச்சியா?"

குழந்தை தவழ்ந்து வந்து அவர் கால்சட்டையைப் பிடித்தது. தங்கை அதன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கால்மணி நேரம் அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே வரவில்லை.