தறிக்குழியில் இறங்கிய பட்டாளத்தார்

பெரிய காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்து பட்டாளத்தார் வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் கை காட்டுவார்கள். பட்டாளத்தார் தணிகாசலம் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் காவேரி அண்ணன் குடும்பத்தோடு அதே வீட்டில் இருக்கிறாள். அவர் உட்கார்ந்த அதே தறியில்தான் நெய்கிறாள். கூடத்துப் படத்தில் அவர் சீருடையும் மெடலுமாக விறைத்து நிற்கிறார். எல்லையில் தனி ஆளாக டாங்கியை மறித்தார் என்று தெருவில் அளப்பார்கள். விட்டால் அந்த டாங்கியை ஓட்டிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார் என்பார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த அண்ணன் மகள் சங்கரிக்கு ராணுவத்தில் வேலை கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். சேதி வந்ததிலிருந்து காவேரிக்குச் சோறு இறங்கவில்லை. தறியில் ஓர் இழை அறுந்தால்கூட அபசகுனமாகப் பட்டது.

"நீ சொன்னா கேப்பா. அப்பா எப்டி இருந்தாருன்னு உள்ளத சொல்லும்மா," என்று அண்ணன் உதயகுமார் கெஞ்சினார். மகளைத் தடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. தங்கை தலையில் கட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பங்குனித் திருவிழா சமயம். காலைப் புறப்பாட்டு மேளம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டது. சங்கரி, நெய்பவர் கால் வைத்து மிதிக்கும் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா கதய சொல்லுத்த. அங்க கேட்டா சொல்லணும்ல?"

காவேரி ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தாள்.

தணிகாசலம் பத்தொன்பது வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பட்டாளத்துக்கு ஓடியவர். அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டை முடிந்து திரும்பியவர், யாரோடும் அதிகம் பேசாமல் தறியில் உட்கார்ந்துவிட்டார். சேலைக்குக் கரை சேர்ப்பதில் அவர் வேலை சுத்தமாக இருக்கும். குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். ஆனால் புறப்பாட்டு வேட்டுச் சத்தம் கேட்டால் போதும், நெய்வதைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கிவிடுவார். பிள்ளைகளையும் உள்ளே இழுத்துப் போட்டு, அவர்கள் தலையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்.

"நாங்க இன்னா நெனச்சோம் தெரியுமா? சாமி வர்றப்ப நெசவுக்காரங்க குழியில எறங்கணும், அதான் மொறன்னு நெனச்சோம். எங்கம்மா, அதான் உங்க ஆயா, குழிக்கு மஞ்ச குங்குமம் வச்சி கற்பூரம் வேற காட்டுச்சி."

"நானும் சின்னதுலேர்ந்து அப்டித்தானே எறங்கிக்கினு இருக்கேன்," என்று சங்கரி சிரித்தாள்.

"சிரிக்காத. கடைசில படுத்துக் கெடந்தப்ப, 'தலய தூக்காத பெரியசாமி'ன்னு கத்திக்கினே இருந்தாரு. தெளிஞ்சப்ப அது யாருன்னு கேட்டேன். சண்டையில அவரோட ஒண்ணா குழி வெட்டிப் படுத்திருந்த ஆளாம். வேட்டு நின்னுட்டுதுன்னு தலய தூக்கிப் பாத்தானாம். அவ்ளோதான், மேல சொல்லல. முப்பது வருசமா நாங்க கற்பூரம் காட்டுனது சாமிக்கு இல்லடி. அவரு பயத்துக்கு."

சங்கரியின் சிரிப்பு நின்றுவிட்டது. காவேரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதம்மா. எனக்கு நெஞ்சு பதறுது. உன்ன அந்த மாரி ஒரு குழியில நெனச்சிப் பாக்க முடியல."

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வேட்டு வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது. காவேரிக்கு உடம்பு கட்டையாகிவிட்டது. என்ன நடக்கிறது என்று தெரிவதற்குள் ஓர் உள்ளங்கை அவள் தலையில் விழுந்து அவளைக் குழிக்குள் அமுக்கியது. மிதிகட்டைகளில் முட்டி இடித்து வலித்தது. சங்கரி மேலே கவிழ்ந்துகொண்டாள்.

"தல தூக்காதத்த."

சங்கரியின் நெஞ்சு படபடவென்று அடிப்பது காவேரியின் முதுகில் தெரிந்தது. தலைமேல் இருந்த கை மட்டும் அசையவில்லை.

சத்தம் ஓய்ந்ததும் காவேரி திரும்பினாள். "பயமா இருக்குதாடி?"

"இருக்குதுத்த."

"அப்ப போவ மாட்ட இல்ல?"

சங்கரி புடவையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு அத்தையைக் கைகொடுத்து மேலே ஏற்றினாள். "வெள்ளிக்கெழம பஸ் ஏத்திவிட வருவ இல்ல?"

காவேரி போனாள். பஸ் முனை திரும்பி மறையும் வரை நின்றாள். அழுகையை வீடு வந்து சேரும் வரை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மறுபடியும் புறப்பாடு. முதல் வேட்டுக்கே காவேரி தனியாகக் குழிக்குள் இறங்கினாள். அவள் வலது கை தானாகப் பக்கத்தில் நீண்டு, அங்கே இல்லாத ஒரு தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. வேட்டு நின்ற பிறகும் வெகுநேரம் அவள் கையை எடுக்கவில்லை.