மணிக்காரன் பெண்சாதி

பேர்ணடெற்றுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. கதைப்பதென்றால் சும்மா "வணக்கம், சுகமா" இல்லை. கனடாவில் மார்க்கம் நகரில் சிவபாதம் மாஸ்டர் வீட்டில் எட்டு வருடமாகத் தங்கி, படுக்கையில் கிடக்கும் அவருடைய மனைவி தெய்வநாயகியைத் துடைத்து, சோறு தீத்தி, புரட்டிப் படுக்க வைத்துப் பிடித்த தமிழ். பக்கவாதம் வந்த அன்றே அந்த மனுசிக்கு இங்கிலிஸ் முழுக்கப் போய்விட்டது. மிஞ்சியது யாழ்ப்பாணத் தமிழ்தான். வேறு வழியில்லாமல் பேர்ணடெற் அதைப் பழகினாள். தமிழ்க் கடைக்குப் போனால் "உந்த முருங்கைக்காய் முத்தல் அண்ணை, வேறை இல்லையோ?" என்று கேட்பாள். கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

அவளுடைய ஊர் தலிபாய். பிலிப்பைன்ஸின் கிழக்குக் கரையில் கிடக்கும் சின்ன ஊர். முன்னுக்குக் கடல், பின்னுக்கு ஒரு மேடு, நடுவில் கோயிலும் சந்தையும். சிவபாதம் மாஸ்டர் தன் ஊர்ச் சங்கத்தின் மலராசிரியர். ஊர் வரலாறு என்றால் மனுசனுக்கு உயிர், யாருடைய ஊராக இருந்தாலும் சரி. குசினி மேசையில் பிளேன்ரீயோடு உட்கார்ந்து, "அதுக்குப் பிறகு என்ன பிள்ளை நடந்தது?" என்று கிண்டிக் கிண்டிக் கேட்பார். அவளும் சொல்லுவாள். எட்டு வருடத்தில் அவளுடைய ஊரைப் பற்றிக் கேட்ட ஒரே சீவன் அவர்தான்.

முன்னூறு வருடத்துக்கு முன் ஒரு ஸ்பானியச் சுவாமி அங்கே பவளக்கல்லால் மாதா கோயில் கட்டி, பக்கத்தில் மணிக்கோபுரமும் எழுப்பினாராம். தெற்கிலிருந்து கொள்ளைக்காரர் வள்ளங்களில் வந்து ஆட்களைப் பிடித்து விற்ற காலம் அது. மணி விடாமல் அடித்தால் ஏன் எதற்கென்று ஒருவரும் கேட்கக்கூடாது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். அதுதான் ஊர்ச் சட்டம். பிறகு அமெரிக்கன் வந்து துறையும் பள்ளிக்கூடமும் கட்டினான். ஜப்பான்காரன் வந்து இரண்டையும் எரித்தான். மணியையும் உருக்கிவிடுவான் என்று ஊர்ச்சனம் அதைக் கரை மணலில் புதைத்து, மூன்று வருடம் அதற்கு மேலே கருவாடு காயப்போட்டது. சுதந்திரம் வந்தது. ஒரே குடும்பத்திலிருந்து மேயர் மாறி மேயர் வந்தார்கள். எல்லாம் மாறியும் அந்தச் சட்டம் மாறவில்லை. புயல் வருகிறதென்று றேடியோ சொல்லும், பொலிஸ் ஒலிபெருக்கியில் கத்தும். தலிபாய்ச்சனம் அசையாது. மணி அடிக்கவில்லையே என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கும்.

அந்தச் சனத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. மறக்காது, மன்னிக்காது. ஸ்பானியர் காலத்தில் ஒரு மணிக்காரன் சாராய வெறியில் நித்திரையாகிப் போனான். கொள்ளைக்காரர் முப்பது பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அவனுடைய வம்சத்துக்குக் கோயிலில் இன்றைக்கும் இருக்கக் கடைசி வாங்குதான். அந்த வீட்டுப் பிள்ளைகளை ஊருக்குள் ஒருவரும் கட்டமாட்டார்கள், வெளியூரில்தான் தேட வேண்டும். இருநூறு வருடமாக! என்ன சனமோ. அவனுக்குப் பிறகு கோபுரச் சாவி வேறொரு குடும்பத்துக்குப் போனது. ஒரே ஒரு சாவி. அது தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று வந்து, கடைசியில் பேர்ணடெற்றின் புருசன் கிளிபோட்டின் இடுப்பில் தொங்கியது.

இவ்வளவும் சொன்னவள் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். போன வருடம் கார்த்திகையில், முன்பு தலிபாயில் பெரும்புயல் அடித்த அதே திகதியில், பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். மாஸ்டர் கண்டுவிட்டார். "என்ன பிள்ளை, சொல்லு. மனசிலை வச்சிருக்காதை," என்றார். அவள் சொல்லிவிட்டாள். பதினொரு வருடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத விசயம். ஸ்காபரோவில் அவள் போகும் கோயிலில் சுவாமியும் பிலிப்பினோ, அங்கே எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னால் தலிபாய்க்குப் போகாது என்று நினைத்தாள். ஐயோ பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

விசயம் இதுதான். முந்தி ஒரு நிலநடுக்கத்தில் வெடிப்பு விழுந்த கோபுரம் அது. பெரும்புயலுக்கு அது இடிந்து கிளிபோட்டின் தலையில் விழும் என்று அவளுக்குப் பயம். விடியப்புறம் காற்று ஊளையிடத் தொடங்கியதும் அவன் எழும்ப முதல் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள். அவன் வீடெல்லாம் கிளறினான். "நான் காணேல்லை," என்றாள். றேடியோ கத்துகிறதுதானே, சனம் தானாக ஓடும் என்று மனதைச் சமாதானப்படுத்தினாள். கிளிபோட் தேடிக் களைத்து, கதவை உடைக்கக் கோடரியை எடுத்துக்கொண்டு ஓடினான். அதற்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. கரைத்தெருவில் அறுபத்து மூன்று பேர் மணி அடிக்கும் என்று பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அத்தனை பேரும் போனார்கள். கிளிபோட்டின் உடலைக் கோபுர வாசலில் கோடரியோடு எடுத்தார்கள். சாவியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது, அப்படியும் மணி அடிக்க ஓடினானே மனுசன் என்று ஊர் அழுது, செத்தவர்களின் நினைவுக்கல்லில் முதல் பெயராக அவனுடைய பெயரை வெட்டியது. கோபுரமோ இடியவே இல்லை. இன்றைக்கும் நிற்கிறது.

பேர்ணடெற் கனடா வந்தாள். மகள் மரிசெல் அங்கே சித்தி வீட்டில் வளர்ந்தாள். வருகிற தையில் அவளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கரைத்தெருப் பெடியன். தாயையும் இரண்டு தம்பிமாரையும் அந்தக் காலையில் பறிகொடுத்தவன். வீரன் மகளைக் கட்டுகிறான் என்று ஊரே சந்தோசப்பட்டது. பேர்ணடெற் பத்து வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போக ரிக்கற் போட்டுவிட்டாள். மகளைக் கைபிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டும். அவளுக்கு வேறு ஆசை ஒன்றும் இருக்கவில்லை.

ஐப்பசியில் சங்கத்தின் முப்பதாவது ஆண்டு மலர் வெளியீடு, அஜின்கோர்ட்டில் ஒரு ஹோலில். மாஸ்டர் அவளையும் கூட்டிக்கொண்டு போனார். தெய்வநாயகியை அன்றைக்குப் பேத்தி தக்ஷிகா பார்த்துக்கொண்டாள். மேடையிலிருந்து மைக்கில் பேர்ணடெற்றின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் திகைத்துப்போய் ஏறினாள். பொன்னாடை போர்த்தினார்கள், சனம் கைதட்டியது. மலரை விரித்துக் கையில் தந்தார்கள். பார்த்தால் அவளுடைய படம், அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. "உங்கட ஊரைப்பற்றித்தான் பிள்ளை எழுதியிருக்கிறன்," என்றார் மாஸ்டர். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மலரை நெஞ்சோடு பிடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துப் படமும் எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை, அவள் தெய்வநாயகிக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருக்க, மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் கட்டுரையை மனைவிக்கு வாசிக்கத் தொடங்கினார். அவருக்கு நல்ல குரல். கோயில் கட்டியது, மணி புதைத்தது எல்லாம் வந்தது. பேர்ணடெற் தலையாட்டிக் கேட்டாள். பிறகு அரிசி வாளி வந்தது. கரண்டி அவளுடைய கையிலேயே நின்றுவிட்டது.

"அங்கிள், என்னது இது? உங்களுக்கு மட்டுமெல்லோ சொன்னனான்!"

"ஏன் பிள்ளை பதறுறாய்? எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கிறன் தெரியுமே? வாசிச்ச சனம் அழுகுது."

"என்ரை பேர் போட்டிருக்கிறியள். ஊரின்ரை பேர் போட்டிருக்கிறியள்."

"உண்மைச் சம்பவம் எண்டா பேர் போடத்தானே வேணும். தமிழிலைதானே எழுதினது, உங்கட ஊரிலை ஆர் வாசிக்கப்போகினம்?"

அவளும் அதே கணக்குத்தானே போட்டவள். மாஸ்டரில் எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் கெட்ட மனுசன் இல்லை. கெட்ட மனுசனென்றால் அவளும் வாய் திறந்திருக்கமாட்டாள். ஊர் மலர் போடுகிற ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு, காதில் விழுந்ததெல்லாம் அச்சுக்கு என்று நினைப்பார்கள். பக்கம் குறைந்தால் பெற்ற தாயின் கதையையும் போட்டு நிரப்பிவிடுவார்கள்.

அப்போதுதான் தக்ஷிகா போனோடு படியிறங்கி வந்தாள். நல்ல பிள்ளை, சூதுவாது தெரியாது. "அன்ரி, நீங்க சோ பேமஸ் இப்ப! நான் முந்தநாள் அந்த ஆர்ட்டிக்கிளை பேஸ்புக்கில போட்டனான், உங்களையும் டாக் பண்ணினனான். உங்கட ஊர் ஆக்கள் எல்லாம் கொமென்ட் பண்ணீனம், லுக்!" என்று நீட்டினாள். சிரித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே தமிழ்க் கட்டுரை. அதற்குக் கீழே, தட்டினால் இங்கிலிஸில் மாற்றித் தரும் பொத்தான். தலிபாயில் ஒவ்வொருவரும் அதைத் தட்டியிருந்தார்கள். சந்தைக்காரி தட்டியிருந்தாள், மேயரின் பெண்சாதி தட்டியிருந்தாள், மாப்பிள்ளையின் தகப்பன் தட்டியிருந்தார். மெசின் செய்த மொழிபெயர்ப்பு அங்கங்கே கோணல்தான். ஆனால் அரிசி, சாவி, ஒளித்தாள் என்ற மூன்று சொல்லையும் அது பிழையில்லாமல் மாற்றியிருந்தது. கணவன் செத்ததைக் கொண்டாடி இந்த மனுசி பொன்னாடை போர்த்திச் சிரிக்கிறாள் என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

பேர்ணடெற்றின் போனில் மகளிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது. "இது பொய் என்று இப்போதே எழுது. எல்லோரும் பார்க்க எழுது."

அவள் எழுதினாள். ஊர்ப் பாஷையிலும் இங்கிலிசிலும் எழுதினாள். இது வயது போன ஒரு மனுசனின் கற்பனை, நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதபடியால் அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று எழுதினாள்.

மத்தியானத்துக்குள் சங்கத் தலைவர் அதைக் கண்டு மாஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். முப்பது வருட மரியாதை போனதே என்று மனுசன் துள்ளினார். "என்னைப் பொய்யன் எண்டு உலகத்துக்கே எழுதிப்போட்டாய் என்ன? சோறு போட்ட வீட்டுக்குச் செய்யிற வேலையே இது? அதை அழி, இல்லாட்டி வெளிக்கிடு!"

"அழிக்கமாட்டன் அங்கிள்."

"அப்ப வெளிக்கிடு."

உள்ளே தெய்வநாயகி "பேர்ணா, பேர்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். யாரும் போகவில்லை. பேர்ணடெற் மறுநாள் விடிய உடுப்புப் பெட்டியை அடுக்கினாள். ஊருக்கென்று வாங்கி வைத்த மகளின் வெள்ளைச் சப்பாத்தை மேலே வைத்தாள். வேலை போனால் போகட்டும், கலியாணம் நடந்தால் காணும் என்று தனக்குள் சொன்னாள். அந்த நேரம்தான் மரிசெல்லின் அழைப்பு வந்தது. கதைத்தது அவர்களுடைய பாஷையில். எங்கள் வாயில் சொன்னால் இப்படி.

"பொய்யெண்டு எழுதிப்போட்டன் மகள். பாத்தனியோ?"

"பாத்தன். அவையும் பாத்தினம். நம்பீட்டினம். கலியாணம் நடக்கும்."

"மாதாவே!" பேர்ணடெற் கட்டிலில் இருந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "மார்கழி இருபதாம் திகதி நான் அங்கை நிப்பன். உனக்குச் சப்பாத்து வாங்கி..."

"வராதை."

"என்னம்மா?"

"வரவேண்டாம் எண்டுறன். இந்த வருசமும் வேண்டாம், இனி ஒருநாளும் வேண்டாம்." மரிசெல் அழவில்லை, குரல் உயரவும் இல்லை. "அவை நம்பட்டும். நான் எப்பிடி நம்புறது? அண்டைக்கு நானும் அந்த வீட்டுக்குள்ளைதான் நிண்டனான். எனக்குப் பதினொரு வயசு. அப்பா குழறிக் குழறித் தேடேக்கை நானும் அழுதழுது தேடினனான். கட்டிலுக்குக் கீழை போய் வடிவாத் தேடு எண்டு என்னை அனுப்பினது நீதானே, அம்மா."