புகைக்கு ஏது ஈரம்?

இன்று காலை என் மேசைக்கு இரண்டு பொருள்கள் வந்தன. ஒன்று, நாங்கள் தோண்டிக்கொண்டிருக்கும் ஆய்வு எண்ணெய்க் கிணற்றின் கல்துகள், ஈரம் காயாமல், சின்னப் பையில். இரண்டு, அந்தக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவதற்கான செலவுப் பட்டியல். அதில் ‘ஆழப்படுத்தும் முன் சோதனை’ என்ற வரியை யாரோ பென்சிலால் அடித்திருந்தார்கள். சோதனைக்காக நிறுத்தினாலும் தோண்டும் இயந்திரத்தின் அன்றைய வாடகை ஓடும். அந்தப் பணத்துக்கு இன்னும் சில மீட்டர் இறங்கலாமே என்பது வாதம். மாலைக்குள் நான் பதில் எழுத வேண்டும்.

பையைப் பிரித்து மோந்து பார்த்தேன். டீசலும் ஈரக் கல்லும் கலந்த வாசனை. அது என்னைக் கல்வராயன் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டது.

நிலவியல் படிப்பு முடித்த முதல் வேலை. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போவேன். பையில் அளவு டேப், உருப்பெருக்கி, அமிலக் குப்பி, பதிவேடு, தயிர்சாதம். அமிலமும் தயிர்சாதமும் பக்கத்துப் பக்கத்தில் பயணம் செய்ததை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்த ஊரில் முப்பது வீடுகள். தண்ணீருக்கு ஓடைப்பள்ளத்துக்கு நடக்க வேண்டும். குடிநீருக்காக ஒரு ஆய்வு ஆழ்துளைக் கிணறு போட அனுமதி வந்தது. அறுநூறு அடி வரை போகலாம். ஆனால் அத்தனை அடியும் தோண்டிவிட்டால் குழாய்க்கும் பம்புக்கும் காசு மிஞ்சாது. ஊர் வார்டு உறுப்பினர் செல்விக்கா வந்ததும் அதைத்தான் கேட்டார்.

“அறநூறும் போயி தண்ணி வரலன்னா இன்னா பண்றது மேடம்? மறுபடி காசு எவன் குடுப்பான்?”

பதிவேட்டைத் திறந்து கோடு போட ஆரம்பித்தேன். பதில் தெரியாதபோது நான் கோடு போடுவேன்.

துளைபோடும் வண்டி திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தது. அதை ஓட்டியவர் பழனிச்சாமி அண்ணன். துளையிலிருந்து வெள்ளைத் தூள் குபுகுபுவென்று கிளம்பும். அதைத்தான் புகை என்பார்கள். புகை வந்தால் கீழே தண்ணீர் இல்லை. அண்ணன் “புகைதானுங்க” என்று கத்துவார்; நான் ‘வறண்டது’ என்று எழுதுவேன். இருநூற்றைம்பது அடி வரை கல்லைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு வெயிலுக்குச் சோம்பி, அவர் குரலை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டே போனேன். ஆமாம், வெட்கம்தான்.

இருநூற்றெண்பது அடியில் காற்று திரும்பி, தூள் என் முகத்தில் அடித்தது. துடைத்தேன். செல்விக்கா சிரித்துவிட்டார்.

“இன்னா மேடம், சந்தனம் பூசிக்கினு நிக்கிறீங்க? யாருக்குக் கல்யாணம்?”

நானும் சிரித்தேன். பிறகு கன்னத்தைத் தொட்டேன். உதிர வேண்டிய தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் உருட்டினேன், உருண்டது. புகைக்கு ஏது ஈரம்? பாறை இடுக்கில் கசியும் கொஞ்சத் தண்ணீரைத் தூளே குழைத்துப் பூசி அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கினால் அடைப்பு இறுகும்.

“அண்ணா, நிறுத்துங்க. கழுவி ஊதிப் பாக்கணும்.”

“ஏனுங்க மேடம், வண்டி சும்மா நின்னா கட்டுபடியாகுமுங்களா? நிக்கிற நேரத்துக்கும் காசுங்க. அதுல அம்பது அடி போயிரலாம்.”

ஊர்க்காரர்களும் அவர் பக்கம். ஆழம் போனால் தண்ணீர் ஜாஸ்தி என்பது அவர்கள் நம்பிக்கை. நான் பதிவேட்டைக் காட்டினேன். கடைசி மூன்று வரிகளில் ‘வறண்டது’ என்பதை அடித்து, ‘தொட்டுப் பார்க்கவில்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். செல்விக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தப்புன்னு மேடமே எழுதிக் குடுக்குது. ஒரு மணி நேரம் நிக்கட்டும்ங்க, இன்னா இப்போ?”

தொட்டித் தண்ணீரைத் துளையில் ஊற்றி, கம்ப்ரஷர் காற்றால் ஊதினோம். கால் மணி நேரம் சேற்றுக் குழம்பு. அரை மணி நேரம் குழம்பு. அண்ணன் வானத்தைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன். பிறகு குழம்பு நீர்த்தது, சிவந்தது, தெளிந்தது. ஊற்றிய தண்ணீரே திரும்பி வருகிறதோ என்று சந்தேகம். செல்விக்காவின் குடத்தை வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறித்தேன். கொட்டிவிட்டு மறுபடி. மீதி நேரம் முழுக்க, ஒவ்வொரு குடத்துக்கும் அதே நேரம். ஊற்றிய தண்ணீர் என்றால் இதற்குள் தீர்ந்திருக்கும்.

“கொட்டாதீங்க மேடம்!” என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டார் செல்விக்கா.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். ஓடைப்பள்ளத்துக்குப் போன ஒற்றையடிப் பாதையைத் தேடினேன், முள் மூடிவிட்டது. குழாயடியில் முகம் கழுவியவர்கள் யாருக்கும் அது எத்தனை அடிக் கிணறு என்று தெரியவில்லை. நாங்கள் தோண்டாமல் விட்ட முந்நூற்று இருபது அடி அவர்கள் காலடியில் அப்படியே கிடக்கிறது.

மேசையில் இருந்த பையின் துகளை விரலால் உருட்டிப் பார்த்தேன். ரப்பரை எடுத்து, சோதனை வரியை அடித்திருந்த அந்தப் பென்சில் கோட்டை அழித்தேன்.